அஸர் பாங்குக்குச் சேமித்த கோப்புகள்

அனுப்புநர்:
ஏ. எல். முஸ்பிறா,
கணினி வகுப்புப் போதனாசிரியர்,
மாதர் சங்கக் கட்டடம், மருதமுனை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கணினி அடிப்படைப் பரீட்சைப் பிரிவு,
திருகோணமலை.

விடயம்: எமது மாணவியரின் சான்றிதழ்கள் நிறுத்தி வைக்கப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் எமது வகுப்பில் நடந்த செய்முறைப் பரீட்சையில், விரும்பிய விடயத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யுமாறு கேட்கப்பட்டது. எல்லாக் கோப்புகளிலும் கடைசியாகச் சேமித்த நேரம் ஒரே நிமிடமாக இருப்பதால், ஒருவரின் கோப்பை மற்றவர்கள் நகலெடுத்துள்ளனர் எனத் தங்கள் பிரிவு முடிவு செய்துள்ளது. மன்னிப்புக் கடிதம் தந்தால் மீண்டும் தோற்றலாம் என்றும் அறிவித்துள்ளது.

2. அந்த நிமிடம் அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கான பள்ளிவாசல் அழைப்பு, சொன்ன நிமிடம். எமது கட்டடத்துக்குப் பின்னால் மின்தறிகள் உள்ளன. பாங்கு சொன்னதும் தறிகள் நிற்கும். தொழுகை முடிந்ததும் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். அந்தச் சுமை தாங்காமல் எங்கள் கறன்ட் போய்விடும். ஆரம்பத்தில் எத்தனையோ கடிதங்களை இப்படிப் பறிகொடுத்தோம். அதன் பிறகு, பாங்கு கேட்டால் முதல் வேலை சேமிப்பது என்பது எங்கள் வகுப்பின் சட்டம். மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளை ஜெனுஷாவும் பாங்குக்குச் சேமிப்பவர்தான்.

3. பரீட்சையன்றும் அதுவே நடந்தது. பாங்கு கேட்டது, ஏறக்குறைய முடிந்திருந்த கடிதங்களை எல்லோரும் சேமித்தனர், பிழை பார்த்தபடி தொடர்ந்தனர். தறிகள் ஓடத் தொடங்கியதும் கறன்ட் போனது. பாங்குக்குப் பின் தட்டிய இரண்டொரு வரிகளைத் தவிர எவருக்கும் எதுவும் போகவில்லை. பரீட்சை நேரம் முடியும் வரை கறன்ட் திரும்பாததால், பாங்கு நேரமே கடைசியாகச் சேமித்த நேரமாக நின்றுவிட்டது. எனக்கு அன்று வந்த பெருமையை இந்த மனுவில் மறைக்க விரும்பவில்லை.

4. தட்டச்சு செய்வது சேமிக்கும் வரை தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும், கறன்ட் போனால் அதுவும் போகும். சேமித்தால் வன்தட்டில் தங்கும். எங்கள் வகுப்பில் இதைத் தறியில் நிற்கும் புடவை, மடித்து அலுமாரியில் வைத்த புடவை என்போம். நகலெடுப்பது வேறு, அது ஒன்றையே பலவாக்குவது. கோப்பின் நேரம் எப்போது சேமித்தார்கள் என்பதைச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

5. மாணவி றினோஸா தங்கள் பரீட்சகரிடம் தொலைபேசியில், “சேர், ஒருக்காத் தொறந்து வாசிச்சுப் பாருங்களன்” என்று கேட்டார். நேரத்தைப் பார்த்தாலே போதும் எனச் சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஐயா, றினோஸா எழுதியது உடைந்த மதகைத் திருத்தக் கோரும் கடிதம். ஜெனுஷா எழுதியது நத்தார் கரோல் ஆராதனைக்கான அழைப்பு. மதகைப் பார்த்துக் கரோலை நகலெடுக்க முடியுமா என்பதைத் தாங்களே தீர்மானியுங்கள்.

6. கல்முனையில் ஒரு தனியார் மருத்துவமனை றினோஸாவுக்குத் தரவுப் பதிவாளர் வேலை தரத் தயாராக உள்ளது. இம்மாத முடிவுக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். கள்ளி என்ற பெயருடன் வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளை அல்ல அவர்.

7. ஆகவே கோப்புகள் ஒவ்வொன்றையும் திறந்து வாசித்து, சான்றிதழ்களைத் தாமதமின்றி வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கோருகிறேன். தாங்கள் கேட்ட மன்னிப்புக் கடிதம் இத்துடன் இணைக்கப்படவில்லை. என் மாணவியருக்குக் கடிதம் எழுதத் தெரியும். செய்யாத குற்றத்துக்கு ஓர் எழுத்தும் தட்டமாட்டார்கள்.

இவ்வண்ணம்,
உண்மையுள்ள,
(ஒப்பம்) ஏ. எல். முஸ்பிறா

இடம்: மருதமுனை
திகதி: 12.12.2024