மன்னாருக்குப் போகாதவருக்கு

இஞ்சாருங்கோ,

போன கிழமை எங்கள் ஒழுங்கை முடக்கு வீட்டில் ஒரு செத்தவீடு. பிரேதத்தை வெளியே எடுக்கிற நேரம் மூத்த மகள் மயங்கி விழுந்துவிட்டாள். யாரோ உள்ளே ஓடிப்போய் ஓடிக்கொலோன் கொண்டுவந்து அவளுடைய நெற்றியிலும் மூக்கடியிலும் தடவினார்கள். விறாந்தை முழுக்க அந்த மணம் பரவியது. அவள் கண்ணைத் திறந்தாள். நான் எழும்பி வெளியே வந்து வேலியோடு நின்றுகொண்டேன். ஊருக்கெல்லாம் ஓடிக்கொலோன் என்றால் காய்ச்சலும் தலையிடியும்தான் ஞாபகம் வரும். எனக்கு நீங்கள் சைக்கிளைச் சாத்திவிட்டுப் படலையைத் திறக்கிற சத்தம் வரும்.

சாராயத் தவறணையில் இருந்து வருகிற வழியில் சட்டைப்பையில் கிடந்த அந்தச் சின்னப் போத்தலை எடுத்துக் கழுத்திலும் மீசையிலும் பூசிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவீர்கள். சாராயம் மணக்காது என்று நினைப்பு. இரண்டும் சேர்ந்து மணந்ததில் வாசலில் படுத்திருந்த நாய் எழும்பித் தள்ளிப் படுத்தது. "கொஞ்சம் காய்ச்சல் காயுறமாதிரிக் கிடக்குது" என்பீர்கள். வருசக்கணக்காய்க் காய்ச்சல் விடாத மனிதரை நான் உங்களைத் தவிரக் கண்டதில்லை. அதை உங்களிடமே சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள்.

எப்படித் தொடங்கியது என்று இப்போது நினைத்தால் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை. உடுப்பிட்டியைச் சுற்றி வெங்காயம் நட்ட எவருடைய தண்ணீர் இறைக்கிற மிசின் நின்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்தால் கூலியோடு ஒரு அரைப்போத்தலும் கையில் தருவது எங்கள் பக்கத்து மரியாதை. வாங்காமல் வந்தால் கோபித்துக்கொண்டு போகிறார் என்பார்கள். அந்த மரியாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வாங்கித்தான், கடைசியில் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாலும் சாரத்தில் ஊற்றுப்படுகிற நிலைக்கு வந்தீர்கள். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் கை ஸ்பானரைப் பிடிக்கும். மனிசருக்கு மரியாதை செய்யிற முறையா இது என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஒருநாள் நான் தையல் மிசினில் இருக்கும்போது பக்கத்தில் வந்து நிலத்தில் குந்தினீர்கள். "இஞ்சேரும், உது இனி என்ரை கையிலை இல்லை. எங்கையாவது கொண்டுபோய் விடும்" என்றீர்கள். என்னைப் பார்க்காமல் துணித்துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் அழுதேன், சந்தோசத்தில்தான்.

எங்கே கொண்டுபோவது? பாம்பு கடித்தால் எங்கே ஓடவேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். குடிப்பவரை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். தெரிந்தவர்களும் சொல்லமாட்டார்கள். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே. உங்கள் தங்கச்சி கோயிலில் நூல் மந்திரித்துக் கொண்டுவந்து கட்டினாள். நூலும் உங்களோடு தவறணைக்குப் போய் வந்தது. சைக்கிளில் மருந்து விற்கிற ஒருவன், கறிக்குள் தெரியாமல் கலந்து குடுங்கோ என்று ஒரு தூள் தந்தான். எனக்குப் பயம். உங்களிடமே காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "உது கடுக்காயப்பா, வயித்தாலைதான் போகும்" என்றீர்கள்.

பிறகுதான் ஆசுப்பத்திரியில் அதற்கென்று ஒரு கிளினிக் இருப்பதாக அறிந்து போனோம். போன நாள் பிரஷர், சீனி வருத்தக்காரருக்கும் கிளினிக். இருக்கிற வாங்கு முழுக்க எங்கள் ஊர்ச் சனம். வாசலிலேயே பென்சன் எடுத்த போஸ்ட்மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"பல்லு, ஐயா" என்றீர்கள், யோசிக்காமல்.

"அப்ப வாரும், எனக்கும் உந்தப் பக்கம்தான் அலுவல்."

பல் வைத்தியம் நடக்கிற அறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். நம்பர் துண்டு எடுத்துத் தந்தார். உங்கள் முறை வரும்வரை தன் மருமகனின் கதை சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். சூத்தைப்பல் ஒன்று இருந்தது உண்மைதான். அது தன்பாட்டில் கிடந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தீர்கள். பஸ்ஸில் வாயில் பஞ்சோடு நீங்கள் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. நீங்களும் பஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நெல்லியடியில் இறங்குகிறபோதுதான் என் சிரிப்பு நின்றது. அந்த வாங்கில் இருப்பதைவிடப் பல்லைக் கொடுப்பது இவருக்குச் சுகமாக இருக்கிறதே, இந்த மனிதரை எப்படிக் காப்பாற்றப்போகிறேன் என்று பயந்தேன்.

அடுத்த கிழமை நான் தனியப் போனேன். டொக்டர் இளம் பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். முதலில் வார்ட்டில் வைத்து நடுக்கத்தை இறக்கவேண்டும், பிறகு குடியை விடுகிறவர்களுக்கென்று இருக்கிற இல்லத்தில் சில மாதம் நிற்கவேண்டும் என்றாள். சாவகச்சேரிக்கு அப்பால் தென்னங்காணிக்குள் இருந்த அந்த இல்லத்தை அப்படித்தான் கண்டுபிடித்தோம். வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலப் பயணம்கூட இல்லை. இத்தனை காலமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

ஆனால் மகளுக்குக் கொக்குவில் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று பேச்சில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து விசாரிப்பார்கள். சந்திக் கடையில் ஒரு சோடா குடித்தால் போதும், எங்கள் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். "அவளின்ரை காரியம் ஒப்பேறுமட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. நான் மன்னாரிலை கொந்தறாத்து வேலைக்குப் போயிட்டன் எண்டு சொல்லும்" என்றீர்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கனடாவில் இருந்த உங்கள் அண்ணைக்கும் அதையே சொன்னோம். இல்லத்தை நடத்திய சிஸ்டர் மட்டும் முதல்நாளே தலையை ஆட்டினார். "குறைஞ்சது சொந்தக்காரருக்காவது சொல்லுங்கோ அம்மா. தெரியாத ஆக்கள்தான் ஊத்திக் குடுப்பினம்" என்றார். நாங்கள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பார்க்க வருவேன். முதல் ஞாயிறு என்னோடு கதைக்கவே இல்லை. பிறகொரு ஞாயிறு, அவர்களுடைய தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தீர்கள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு, விளிம்புவரை நிறைந்த தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்து தந்தீர்கள். ஒரு துளி சிந்தவில்லை. "பாரும்" என்றீர்கள். கலியாணம் கட்டிய நாளில்கூட உங்களை நான் அப்படிப் பார்த்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நல்ல மாதங்கள் சில கிடைத்தன. தேத்தண்ணிக்குச் சீனி அள்ளி அள்ளிப் போட்டீர்கள். தோட்டக்காரர் தந்த அரைப்போத்தலை, "மன்னாரிலை வயித்துப்புண் வந்திட்டுது அண்ணை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள். அவர்களும் நம்பினார்கள். மகளுடைய சம்பந்தமும் பொருந்தி வந்தது.

அந்த வருசக் கோயில் திருவிழாவுக்கு உங்கள் அண்ணை கனடாவில் இருந்து வந்தார். திருவிழா முடிந்து, வைரவர் மடையும் ஆகி, இனி வீட்டில் மச்ச மாமிசம் சமைக்கலாம் என்ற நாளில் மாப்பிள்ளையின் தாய் தகப்பனை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். ஆட்டிறைச்சி அடுப்பில் கிடந்தது. அண்ணை உள்ளே போய் எயார்போட்டில் வாங்கிய போத்தலைக் கொண்டுவந்து நடுமேசையில் வைத்தார். வெளிநாட்டில் இருந்து வருகிற எந்த அண்ணைதான் அது இல்லாமல் வந்திருக்கிறார்? எங்கள் சனத்துக்கு அதுவும் பாசத்தில் ஒரு வகை.

"என்ரை தம்பி மன்னார் வெயிலுக்குள்ளை கிடந்து மாடா உழைச்சிட்டு வந்திருக்கிறான். அவனுக்குத்தான் முதல் கிளாஸ்" என்றார்.

நாங்கள் சொன்ன பொய்யையே எடுத்து உங்களுக்கு ஊற்றினார். குசினி வாசலில் நின்ற நான் மேசையடிக்கு வந்தேன். "அவருக்கு டொக்டர் மாத்திரை குடுத்திருக்கிறார், குடிக்கக் கூடாது" என்றேன். "மாத்திரையை நாளைக்குப் போடலாம்" என்று சிரித்தார். மாப்பிள்ளையின் தகப்பன் தன் முன்னால் இருந்த கிளாசைக் கையால் பொத்திக்கொண்டு, "எனக்கும் சம்பந்திக்கும் சோடா போதும்" என்றார். அதையும் அண்ணை, சம்பந்தி வெட்கப்படுகிறார் என்று பகிடியாக்கிவிட்டார். அதற்கு மேலும் சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தீர்கள். பிறகு கிளாசை எடுத்தீர்கள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இறைச்சிக் கறியைப் புகழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாரிமழை தொடங்குவதற்குள் கை பழையபடி உதறத் தொடங்கியது. இல்லத்துக்குப் போவோம் என்று கெஞ்சினேன். விழுந்தவர்கள் திரும்பி வருவது வழமைதான், கதவு திறந்துதான் இருக்கும் என்று சிஸ்டர் ரெலிபோனில் சொன்னார். "எந்த முகத்தோடை போறது? மோட்டரெல்லாம் பூட்டிக் குடுத்திட்டு வந்தனான்" என்றீர்கள். நல்லவனாக நின்ற இடத்துக்குக் கெட்டவனாகத் திரும்பிப் போக உங்களால் முடியவில்லை. கடைசியில் வாயால் இரத்தமாகச் சத்தி எடுத்தபோதுதான் ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்து நீங்கள் வீட்டுக்கு நடந்து வரவில்லை.

அண்ணை திரும்பவும் விமானம் ஏறி வந்தார். எல்லாம் முடிந்த பிறகு உங்கள் தங்கச்சி அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறாள். பின்பக்கக் கிணற்றடியில் நின்று அந்தப் பெரிய மனிதர் விம்மி விம்மி அழுதார். "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? சொல்லியிருந்தா அந்தப் போத்தலை உந்தக் கிணத்துக்குள்ளை எறிஞ்சிருப்பன்" என்றார். முகம் கழுவ ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். அவரே முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுத்தார். நல்ல தாளில், உங்கள் படத்தோடு, திடீர் சுகவீனம் காரணமாக இறைவனடி சேர்ந்தார் என்று போட்டிருந்தது.

வருசம் திரும்பி, ஆட்டைத் திவசம் முடித்துத்தான் மகளுக்குக் கலியாணம் வைத்தோம். தாலிக்கான பொன்னுருக்கு நாளன்று நான் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று குசினிக்குள் இருந்தேன். சம்பந்தியம்மா என்னைத் தேடி உள்ளே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதைத்தார்.

"மச்சாள், கனநாளா நெஞ்சுக்குள்ளை கிடக்குது. என்ரை தம்பியும் அந்த இல்லத்திலைதான் நிண்டவன், உங்கடை மனுசன் நிண்ட அதே நேரம். கை நடுங்க நடுங்க வந்த மனுசன் எங்கடை மோட்டரைத் திருத்தித் தந்திட்டுப் போகுது எண்டு வந்து சொன்னவன். இவ்வளவு பாடுபட்டு விடுற ஆளின்ரை பிள்ளையைத்தான் எடுக்கவேணும் எண்டு இவர் அண்டைக்கே முடிவெடுத்திட்டார்."

"அப்ப அண்டைக்குச் சாப்பாட்டிலை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஆனா நீங்கள் மறைக்கிறீங்கள், நாங்கள் எப்பிடி வாய் திறக்கிறது? உங்களுக்கு மரியாதைக் குறைவாப் போயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டம். இவர் தன்ரை கிளாசைப் பொத்திக் காட்டினவர். உங்கடை மனுசனுக்கு விளங்கும் எண்டு நினைச்சவர்."

வெளியே பொன் உருக்கிற இடத்தில் எல்லாரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்து எழும்பவில்லை. அந்த மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். உங்களுக்கு, எனக்கு, மகளுக்கு, மாப்பிள்ளை வீட்டார் இருவருக்கும். தெரியாத ஒரே ஆளின் கையில்தான் போத்தல் இருந்தது. ஒருவருடைய மானத்தை ஒருவர் எவ்வளவு பக்குவமாகக் காப்பாற்றினோம். உங்களைத்தான் ஒருவரும் காப்பாற்றவில்லை. உங்களில் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தத் தலையசைப்புக்காக இன்றைக்கும் கோபம். அது தீரும் என்றும் நான் நினைக்கவில்லை.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இல்லத்துக்குப் போகிற வழியும், அதைச் சத்தமாகச் சொல்கிற வாயும்தான். என்ன வருத்தம் வந்து செத்தவர் என்று யாராவது கேட்டால், குடியால் என்கிறேன். கேட்டவர்கள்தான் நிலத்தைப் பார்க்கிறார்கள். மகள் கூடக் கோபித்தாள்.

நேற்று மேற்கு ஒழுங்கையில் இருந்து ஒருத்தி சட்டை தைக்க வந்தாள். தீபாவளிக்குத் தைத்ததே அவள் இன்னும் உடுத்தவில்லை. அளவெடுக்கும்போது காதுக்குள், "அக்கா, என்ரை மூத்தவன் போதைத்தூள் பாவிக்கிறான் போல கிடக்குது. உங்களுக்கு எங்கையோ இடம் தெரியுமாம்" என்றாள். நான் வழமையான குரலில், எந்த பஸ், எங்கே இறங்குவது, யாரைக் கேட்பது என்று சொல்லத் தொடங்கினேன். அவள் பயந்துபோய் படலைப் பக்கம் பார்த்தாள். "மெல்லக் கதையுங்கோ அக்கா. நாங்கள் அவனை மலேசியாவுக்கு அனுப்புறம் எண்டு சொல்லியிருக்கிறம்" என்றாள். மலேசியா! நீங்களாவது மன்னாரோடு நின்றீர்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. துணியை விட்டுவிட்டு, வாறன் என்று சொல்லிப் போய்விட்டாள்.

நீங்கள் இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பீர்கள், ஊர் வீட்டு விசயம் உமக்கேன் என்று. இரண்டு நாள் பார்ப்பேன். அவள் வராவிட்டால் நானே அவளுடைய வீட்டுக்குப் போவேன், எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து.