உள்ளேயிருந்து வந்த பதில்

சிஹாரு,

எழுந்ததும் அலறாதே. சமையலறையில் உட்கார்ந்திருப்பது மேல்வீட்டு நாகமினே அத்தை. நான்தான் வரச் சொன்னேன். தூங்கிப் போயிருந்தால் எழுப்பு. சோற்று உருண்டை மேசையில் இருக்கிறது, சாப்பிட்டுப் போ.

நேற்று மாலை சண்டை போட்டோமே, அதைப் பற்றி. ஆளில்லாத வீடானாலும் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல உங்கள் பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள். பின்தொடர்ந்து வருபவன் உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்வான். நீ சொன்னாய்: "வந்துட்டேன்னு சொன்னேன், படுத்துக்கிட்டே 'வா வா'ன்னியேப்பா." "நேத்து ராத்திரி வேலைக்கு முன்னாடி பகல்லயும் கிடங்குக்குக் கூப்பிட்டிருந்தாங்க, நான் அப்போ அங்கதான்டி இருந்தேன், புளுகாத" என்றேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

இன்று காலை இரவு வேலை முடிந்து வந்து, படுக்கலாமென்று மெத்தைகளை மடித்து வைக்கும் சுவர் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், ஓர் ஆள் படுத்த பள்ளம் இருக்கிறது. இப்போது யாரும் இல்லை. வீடு முழுக்கப் பார்த்துவிட்டேன். காவலரை அழைத்துவரப் போகிறேன். பூட்டையும் மாற்ற வேண்டும்.

இனி நீ பள்ளிவிட்டு வரும்போது நான் கீழே படிக்கட்டில் நிற்பேன். அங்கே நான் இல்லையென்றால் ஷூவைக் கழற்றாதே, உள்ளே நுழையாதே, அத்தை வீட்டுக்கு ஓடு. உள்ளேயிருந்து என் குரலிலேயே யார் கூப்பிட்டாலும் அது நான் இல்லை.

அப்பா

போர்வைக்கு அடியில் ஒரு காலிக் கிண்ணம் கிடந்தது. கோடை விடுமுறையில் நீ தின்றுவிட்டாய் என்று திட்டினேனே, அந்தப் பீச் பழ ஜெல்லியின் கிண்ணம்.