இன்னொரு வண்டியின் நம்பர்

திரிங்காப் மலைக் காய்கறிக் காட்டில் கோஸ் வெட்டிவிட்டு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிய குணாளனுக்குப் பகீரென்றது. கொட்டகையில் பழைய லேண்ட் ரோவரைக் காணோம். சோற்றுப் பானையின் மேல் மனைவி புவனேஸ் எழுதிய சீட்டு இருந்தது.

“ஏங்க, சோறும் நெத்திலிச் சம்பலும் இருக்கு. வண்டிய பிரிஞ்சாங் மண்டபத்துக்கு ஓட்டிட்டுப் போறேன். ரோட்டு இலாகா ஜேபிஜேகாரங்க பதிவில்லாத தோட்ட வண்டிங்கள பதியறதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். உடைச்சுப் போட்ட வேற வண்டியோட நம்பர மாட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு ஒளிஞ்சு ஓட்டுறது? பதியலாம்னு சொன்னதுக்கு நேத்து நீங்க கத்துனப்ப நான் வாயே தொறக்கல. இதான் என் பதில். கேஸ்காரர் வந்தா அடுப்பங்கரையில இருக்குற காலி கேஸ் தோங்க குடுத்துடுங்க.”

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தாள்: “போன வாரம் தேயிலத் தோட்ட வளைவுல பிரேக் புடிக்காம கொழுந்து எடுக்குற பொம்பளைங்க மேல ஏறப் பாத்துச்சே, அது தெனம் கனவுல வருது. பதியறப்ப பிரேக்கையும் சோதிப்பாங்க.”

அவன் சோற்றுப் பானையைத் திறக்கவில்லை. ஜேபிஜேகாரர்கள் வண்டியைப் பிடுங்கிக்கொண்டால் கோஸை எதில் ஏற்றுவது? மோட்டாரைத் திருப்பி விரட்டினான்.

மண்டபத்தின் முன்னே நீண்ட வரிசையில், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி புவனேஸ் உட்கார்ந்திருந்தாள்.

“வண்டியத் திருப்பிக் கொண்டு போகவா வந்தீங்க?”

குணாளன் வண்டியின் முன்மூடியைத் தூக்கினான். சட்டை நுனியால் இஞ்சின் மேல் அப்பியிருந்த சேற்றைத் தேய்த்துத் துடைத்தான்.

“இஞ்சின் நம்பர் எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாது லா,” என்றான். “பதியறப்ப அவங்க கேட்டா எதக் காட்டுவ?”