போட்டோவுக்குக் கீழே இருந்த வரி

திண்டிவனம்
18.6.2017

இயேசுவுக்கே புகழ்.

என் அருமை மருமகள் வெனிலாவுக்கு, தாய்மாமன் இருதயநாதன் ஆசியோடு எழுதுவது. இங்கே உன் அத்தையின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சௌக்கியம். நீயும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடக்காமல் கண்ணுக்கும் ஓய்வு கொடுப்பாய் என்று நம்புகிறேன். வாட்சப்பில் எழுதலாம் என்றால் என் விரல் மூன்று எழுத்தை ஒன்றாக அமுக்குகிறது. எனக்குப் பேனாதான் சரிப்படும். சென்னைக்கு வரும் நம் தெருப் பையன் பூமாலை கையில் இந்தக் கடிதத்தோடு வறுத்த மல்லாட்டையும், உங்கள் சென்னை வேர்க்கடலைதான், கொடுத்தனுப்புகிறேன். அவன் வழியில் தின்றுவிட்டால் நான் பொறுப்பில்லை.

முதலில் சந்தோஷ சேதி. நம் பங்குக்கோயிலுக்கு நீ செய்துகொடுத்த ஆப் பற்றித்தான் திண்டிவனம் முழுக்கப் பேச்சு. பூசை நேரமும் கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலையும் கைக்குள் வந்துவிட்டனவே! பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே உன் பெயரைச் சொன்னார். என் பெயரையும் சொல்லியிருப்பார், அதற்குள் பாடகர் குழு ஆரம்பித்துவிட்டது. போன வாரம் விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், ஜீப்போடு நம் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து, "இன்னா சார், இதுக்கு ஐடியாவே நீங்கதானாமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடையில் என்னோடு இருக்கும் நடராசன் வாயடைத்துப் போய் நின்றார்.

இப்போது பாக்கி இருப்பது சாவு அறிவிப்புப் பக்கம் மட்டும்தான். நீ போனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மாமா, பேனருக்கு அளவ நாம சொல்றோம். போனுக்கு அப்பிடி இல்ல, ஒவ்வொருத்தர் கையில இருக்கிற போனும் ஒரு அளவு சொல்லுது. அதனால எழுத்து மொதல்ல உக்காரட்டும். மிச்ச எடத்தப் பாத்து போட்டோ சின்னதாவோ பெருசாவோ மாறிக்கட்டும்" என்றாய். படித்த பிள்ளை, சரியாகத்தான் சொல்வாய். ஆனால் பாப்பா, செத்தவர்கள் விஷயம் இந்த மாமனுக்குத்தான் தெரியும். எத்தனை வருஷமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து நிறுத்துகிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் ஒருவரும் கேட்பதில்லை. போட்டோ ஒரு ஜாண் குறைந்தால் மகன் கட்டையோடு வருகிறான். போட்டோ பெரிசாக இருப்பதுதான் செத்தவருக்கு நாம் செய்கிற மரியாதை. சாமியாரும் அதையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போட்டோ பெரிசாக, ஒரே அளவாக இருக்கவேண்டுமாம். சுவரில் போஸ்டர் ஒட்டினது போல நிற்கவேண்டுமாம், விரல் பட்டு மேலும் கீழும் நகரக்கூடாதாம். நீ மனசில்லாமல்தான் மாற்றிக்கொடுத்தாய், எனக்குத் தெரியும். ஆனால் என் ஆறு அங்குல போனில் வந்து பார், ராஜா உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அடுத்து, நீ கேட்ட சோதனை. சின்ன போன், பழைய போன், எழுத்தைப் பெரிசாக வைத்திருக்கும் வயசானவர்கள் போன் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் வார்த்தை வந்த பிறகுதான் வெளியிடுவேன் என்றாய். பார்த்துவிட்டேன், போ. மார்க்கெட் பூக்காரிகள், ஆட்டோ ஸ்டாண்ட், கோயில் பாட்டிமார் என்று நூறு போனாவது இருக்கும். ஒரு ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் வண்டிக்குக் கொடி காட்டுவதை மறந்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் போனிலும் ஒரு குறை இல்லை. தைரியமாக வெளியிடு. தாய்மாமன் சொல்கிறேன்.

அந்தோணியார் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார்.

பெருமையோடு,
உன் மாமன்
இருதயநாதன்


திண்டிவனம்
24.8.2017

அன்பு மருமகள் வெனிலாவுக்கு மாமன் எழுதுவது.

ஒரு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. சென்னையில் டவர் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அத்தை வேறு மாதிரி சொல்கிறாள், அவள் எப்போதும் அப்படித்தான்.

போன வாரம் இறந்துபோன நம் பங்கு செபஸ்தியம்மாள் அடக்கத்தைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் சேதி வந்திருக்கும். நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் மகள் லூர்துமேரி, கண்டாச்சிபுரத்தில் குமரேசன் என்பவரைத் தானாகக் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசல் அவளுக்குக் கிடையாது. அம்மா செத்ததைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உன் ஆப்பைத் திறந்துதான் தெரிந்துகொண்டிருக்கிறாள். அவளுடையது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன போன். அதில் அம்மா முகம் மட்டும் ஸ்கிரீன் முழுக்க வந்திருக்கிறது. கீழே இருக்கவேண்டிய அடக்க நேரம் தெரியவில்லை. தள்ளிப் பார்த்தால் நகரவும் இல்லை.

நம் பங்கில் எப்போதும் சாயந்தரம் நாலு மணிக்குத்தான் அடக்கம். அன்றைக்குப் பார்த்து சாமியாருக்கு மதியம் பாண்டிச்சேரியில் கூட்டம் இருந்ததால் காலை பதினொன்றுக்கே வைத்துவிட்டார்கள். அவள் வழக்கம்போல நாலு மணி என்று நினைத்துக்கொண்டு, விழுப்புரத்தில் பஸ் மாறி, ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு வந்து இறங்கினாள். அதற்குள் மண் மூடியாகிவிட்டது.

அவள் இறங்கின இடத்தில்தான் நம் கடை பேனர் நின்றது. நானும் அங்கேதான் இருந்தேன். அவள் பேனரைப் படித்துத்தான் நேரத்தைத் தெரிந்துகொண்டாள். நான் சோடா வாங்கிக் கொடுத்து, தலையில் தண்ணீர் தெளித்து, யார் மேலும் தப்பில்லை என்று பொதுவாகச் சொல்லித் தேற்றிக் கல்லறைக்கு அனுப்பிவைத்தேன். அதற்குள் கோயிலில் எப்படியோ, "எல்லாம் அந்த மெட்ராஸ் பொண்ணு பண்ண வேல" என்று பேச்சு கிளம்பிவிட்டது. யார் கிளப்பினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஆப்பையே எடுத்துவிட்டாயாம். இந்த வேலையே எனக்கு வேண்டாம், ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள் நான் என்று உன் அம்மாவிடம் அழுதாயாம். உன் அம்மா போன ஞாயிறு பூசைக்கு வரவில்லை. அக்கம்பக்கம் ஏதாவது கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இதெல்லாம் என்ன பேச்சு பாப்பா? இரண்டு மாசத்தில் ஊர் மறந்துவிடும். வல்லம் பக்கம் ஒரு பங்கில் இதே மாதிரி வேண்டும் என்று என் கடைக்கு ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருக்கிறார்கள். நான்தான் பிடி கொடுக்காமல் இருக்கிறேன்.

போனை எடு. சும்மா இரண்டு வார்த்தை பேசினால் போதும்.

உன் மாமன்
இருதயநாதன்


திண்டிவனம்
3.9.2017, ஞாயிறு

வெனிலா,

நேற்று கண்டாச்சிபுரம் போய் வந்தேன். துக்கம் கேட்கப் போகிறேன் என்று உன் அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனேன். உண்மையில் பயந்துதான் போனேன். லூர்துமேரி சாமியாரிடம் வந்து என்ன ஏது என்று கிளறினால் என் பெயர் வெளியே வருமே, அதற்கு முன்னால் அவள் மனசைக் கரைத்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று செபஸ்தியம்மாள் பேனரைச் சட்டத்திலிருந்து அறுத்து, மடித்து எடுத்துக்கொண்டேன்.

குமரேசன் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "இத்தத் தூக்கிக்கினா பஸ்ஸுல வந்தீங்க? கண்டக்டரு லக்கேஜ் போட்டிருப்பானே" என்று சிரித்து, உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். லூர்துமேரி பேனரைத் தரையில் விரித்தாள். வீடு கொள்ளவில்லை, பாதி வாசலுக்கு வெளியே கிடந்தது. "எங்க ஊட்டு செவுரு இம்மாம் பெருசு இல்லண்ணே" என்றாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்தாள். முகம் மட்டும் தெரியும்படி ஆனதும், கீழே இருந்த 'அடக்கம் காலை 11 மணி' என்ற வரியைக் கையால் தடவினாள். "இது மட்டும் வேணாண்ணே" என்று அதையும் பின்னால் மடித்துவிட்டாள்.

அப்புறம் அவளாகவே உன்னைப் பற்றிச் சொன்னாள். "உங்க வெனிலா எனக்குப் போன் பண்ணிச்சுண்ணே. அழுதுக்கினே பேசிச்சு. 'அக்கா, நான்தான் சின்ன போன்ல போட்டுப் பாக்கல, என் தப்புதான்'னு சொல்லிச்சு. வேற யாரு பேரையும் எடுக்கல. நான்தான் சமாதானம் பண்ணேன்."

என் பெயரை நீ சொல்லவே இல்லை. மோர் டம்ளர் என் கையிலேயே இருந்தது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை.

அங்கேயே அவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன், உனக்குப் பாதி தெரிந்திருக்கும். நூறு போன் என்று எழுதினேனே, நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை. நடராசன் முதலாளி டீ குடிக்கப் போகும்போது மேஜைமேல் வைத்துவிட்டுப் போகும் போன். ஆமாம், அவர்தான் முதலாளி. நான் அங்கே சட்டம் அடித்துக் கயிறு கட்டுகிறவன். என்னிடம் இருப்பது பட்டன் போன். ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை, ஜீப்பில் வந்த அதிகாரியும் இல்லை. போட்டோவைப் பற்றிச் சாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நான்தான் அவர் பெயரைப் போட்டேன். எனக்கு அப்படித்தான் அழகாக இருந்தது.

பூக்காரிகளிடம் போய்ப் போனைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலை எப்போதோ முடிந்துவிட்டது, நான்தான் கூட நின்று முடித்துக்கொடுத்தேன் என்று அவர்களிடம் அளந்தாகிவிட்டது. இன்னும் பார்க்கவேண்டியது பாக்கி இருக்கிறது, உன் போனைக் கொஞ்சம் காட்டு என்று எந்த முகத்தோடு போய் நிற்பேன்? நீ அந்தப் பக்கம் என் கடிதத்தைப் படித்துவிட்டு, மாமா பார்த்துவிட்டார் என்று வெளியிட்டுவிட்டாய்.

இதுவரை சொன்னதைக்கூட எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதுதான் கஷ்டம். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "அண்ணே, இதுல பதினொண்ணுன்னு போட்டுக்கீதே, என் போனுல நேரமே இல்லியே" என்று மேரி போனை நீட்டினாள். அந்தச் சின்ன ஸ்கிரீனில் அம்மாவின் நெற்றியிலிருந்து தாடைவரை அடைத்துக்கொண்டிருந்தது. வேறெதற்கும் இடமில்லை. நான் கேட்ட அளவு. போன கடிதத்தில் எழுதினது போல யார் மேலும் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை, சோடாவும் வாங்கிக்கொடுக்கவில்லை. "மெட்ராஸ்ல உக்காந்துக்கினு பண்றவங்களுக்கு இன்னாம்மா தெரியும். எங்க வெனிலா கவனிக்காம உட்டுட்டா. நான் அப்பவே சொன்னேன்" என்றேன். அப்பவே சொன்னேன் என்றேன், வெனிலா. மாலை அவள் கையிலேயே இருந்தது. கோயிலில் பேச்சைக் கிளப்பினது யார் என்று விசாரிப்பதாக எழுதினேனே, இனி யாரையும் விசாரிக்க வேண்டாம்.

மேரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குமரேசன் எழுந்து களத்துக்குப் போய்விட்டார். அவள் மடித்த பேனரை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, "போனது போச்சிண்ணே. அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை வருதே, அது எப்பன்னு எனக்கு யாரு சொல்லுவாங்க? போனத் தெறந்தா அந்த ஆப்பும் இல்லியே" என்றாள். நான் இருக்கிறேன், நான் சொல்கிறேன் என்று என் வாய்வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று பூசை முடிந்து சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூசை உடுப்பை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு கெட்டது கூட்டத்துல. நீங்க என் காதுல வந்து சொல்றீங்களே" என்றார். வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் மைக்கில் நானே சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வாய் ஓயாமல் பேசுகிற நான் சொல்லவேண்டியதை இப்போதே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடமும் சொன்னேன். சோறு போட்டாள். குழம்பு கேட்டேன், பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்குத் தகுதி இல்லை, அதைக் கேட்கவும் இல்லை. கேட்பது வேறு ஒன்று. அந்த ஆப்பைத் திரும்பப் போடு. எனக்காகவோ கோயிலுக்காகவோ வேண்டாம். அண்ணன் சொல்லாத சேதியை அதில் பார்த்துத்தானே ஒருத்தி பஸ் ஏறினாள்? நேரம் மேலே இருக்கட்டும், போட்டோ மிச்ச இடத்தில் சுருங்கிக்கொள்ளட்டும். நீ முதலில் எப்படிச் செய்திருந்தாயோ அப்படியே செய். உனக்கு வேலை தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. தெரிந்துதான் செய்தாய், நான் கெடுத்தேன்.

ஒரு நாள் லீவு போட்டு நீயே வா. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் கையால் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார். நான் பக்கத்தில் நிற்கிறேன், பேசமாட்டேன்.

செபஸ்தியம்மாளின் முப்பதாம் நாள் பூசை செப்டம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. நான் எழுதினேன் என்று இதை அப்படியே போட்டுவிடாதே. சாமியாருக்கே போன் செய்து, கேட்டுப் போடு.

மாதா உன்னைக் காப்பாளாக.

இருதயநாதன்