தொடை எலும்புக்கு ஒரு பாட்டில் ரத்தம்

சென்னை,
பெரிய ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு.
3.6.1987

காக்கிநாடாவில் மாமனார் வீட்டுச் சோற்றில் சௌக்கியமாக இருக்கும் தம்பி தனசேகருக்கு, அண்ணி தேவகி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியமில்லை. நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணனுக்குத் தொடை எலும்பு உடைந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பில் எஃகு மூட்டு வைத்தார்களே, அதன் தண்டு எலும்புக்குள் இறங்கியிருக்கும் இடத்திலேயே முறிவு. ஏரியில் மீன் பிடிக்க நம் பாடு வரும் நாளில் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் படகில் நிற்காவிட்டால் வலை போடும் முறை போய்விடும் என்பது உனக்குத் தெரியாததா? நான் நிற்கிறேன் அண்ணி என்று மார்தட்டினாய். அன்று விடிந்ததும் பொன்னேரியில் போய் ரயிலேறிவிட்டாய். பெரிய வீரன்! சேற்றில் இறங்கக்கூடாது என்று டாக்டர் தடுத்த மனுஷன் உனக்குப் பதிலாகக் கழி ஊன்றப் போய் வழுக்கி விழுந்தார்.

அதற்குமேல் நம் ஊர் மேதாவிகள். கண்ணப்பன் மாமா முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டினார். உள்ளே இரும்பு இருந்தால் எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று அவர் அளந்ததை நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பதினெட்டு நாள் வீணாய்ப் போனது. என்னைப்போல மடச்சி யாருமில்லை. அதற்குள் தண்டு ஆட்டம் கண்டுவிட்டது. இப்போது அதைக் கழற்றி, முறிவைத் தாண்டி இறங்குகிற நீளமான தண்டு வைத்து, எலும்புக்குத் தகடும் கம்பிக்கட்டும் போடவேண்டுமாம். போன ஆபரேஷனைவிட இது பெரிசு, ரத்தம் நிறையப் போகும் என்கிறார் டாக்டர்.

அவருக்கு பி நெகட்டிவ். ஒரு பாட்டில்தான் கிடைத்திருக்கிறது, இன்னொன்று இல்லாமல் தொடமாட்டார்களாம். ஊரிலிருந்து பதினோரு பேர் வந்து பார்த்தார்கள், ஒருவருக்கும் சேரவில்லை. உனக்குச் சேரும். போன தடவை பரிசோதித்த சீட்டு என்னிடம் இருக்கிறது. அன்று டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் மூன்றாம் நாள்தான் தலையைக் காட்டினாய்.

நான் இதை எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. அவனுக்கு எழுதாதே, பாவம், ஊசிக்குப் பயப்படுவான் என்கிறார். ஊர்க்கூட்டத்தில் பாடு பட்டியலிலிருந்து உன் பேரை அடிக்கப் பார்த்தார்கள். தம்பி நிற்கத்தான் இருந்தான், நான்தான் ஊருக்கு அனுப்பிவைத்தேன் என்று படுத்த படுக்கையிலிருந்து சொல்லி அனுப்பினார். உன் பேர் தப்பியது. எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். பத்தாம் தேதிக்குள் வந்து சேர்.

கோபத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு, தம்பி. அம்மன் உன்னையும் உன் பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும். ஊசி குத்தும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் மறுகையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி,
தேவகி