அம்மாமார் நின்ற கோடு

2024 மார்ச் 19, செவ்வாய்

நான் வேலை செய்யும் பல் டொக்டரின் வரவேற்பு மேசை. மதிய இடைவேளை. வீட்டில் வைத்து இதை எழுதத் துணிவில்லை.

ஞாயிறன்று எங்கள் புன்னைத்துறை மகளிர் கல்லூரிப் பழைய மாணவிகள் கூட்டம். லண்டனில் யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரிகள் எட்டு சேர்ந்து கோடை ஞாயிறுகளில் உதைபந்தாட்ட லீக் நடத்துகின்றன. போன வருடம் எங்களையும் முழு அங்கத்தவராகச் சேர்த்தார்கள். பெருந்தன்மை ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு ஆள் வேண்டும், மைதான வாடகையில் ஒரு பங்கு கட்டவும் ஆள் வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடம் ஓர் அணியை இறக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நாங்களும்தான் நினைக்கவில்லை.

பியற்றிஸ் நினைத்திருக்கிறாள். எனக்கு ஆறு வகுப்புக் கீழே படித்தவள். இங்கே பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குவதுதான் அவளுடைய வேலை. முறையாகப் படித்துப் பாஸ் பண்ணிய கோச்.

"ஆரடி விளையாடுறது? இந்த முழங்காலோட நாங்களோ?" என்று ஜெஸ்ரின் கேட்க எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"உங்கட பெடியள். பழைய மாணவர், இல்லாட்டி அவையின்ர பிள்ளையள் விளையாடலாம். அதுதானே விதி? நீங்கள் அங்க படிக்கேல்லையோ?" என்றாள் பியற்றிஸ்.

சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமும் பிள்ளைகள் தகப்பன்மாரின் கல்லூரிக்கே விளையாடினார்கள். அப்படித்தான் விளையாடவேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். எதற்கென்று தெரியும். லீக்கிலேயே ஆகக் கூடுதலாகக் கோல் அடிக்கிறவன் என் மகன் தர்சிகன். அவன் விளையாடுவது நாவலடி மத்திய கல்லூரிக்கு. அந்த அணியின் மனேஜர் பதினொரு வருடமாக இவர்தான், அவனுடைய அப்பா.

 

மார்ச் 22, வெள்ளி

இவரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 28, வியாழன்

நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். தர்சிகன் முந்திக்கொண்டான். வேலை முடிந்து அவனை கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் ஏற்றினேன். காரின் பெல்ட்டைப் போட்டபடியே சொன்னான்.

"அம்மா, நான் புதன்கிழமை பியற்றிஸ் அன்ரீன்ர ட்ரெயினிங்குக்குப் போனனான். ஷீ இஸ் அ ரியல் கோச், அம்மா. அப்பான்ர ரீமில பாதிப் பேர் மட்சுக்கு முதல் கார் பார்க்கில பியர் குடிக்கினம். நான் மாறப்போறன். அப்பாட்ட நீங்கள்தான் சொல்லவேணும்."

பதினெட்டு வயது. ஆறடி உயரம். அப்பாவிடம் சொல்ல அம்மா வேண்டும்!

அவனைக் குற்றம் சொல்லி என்ன? எனக்கே பயம். இவர் அடிப்பவர் இல்லை, கத்துபவரும் இல்லை. கத்தினால் எவ்வளவு நல்லது. இவர் கதைப்பதை நிறுத்திவிடுவார். இந்த வேலையை இவரைக் கேட்காமல் எடுத்த வருடம் தீபாவளிக்கு மூடிய வாயைச் சித்திரையில்தான் திறந்தார். அதுவரை வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும்.

இதற்குள் பியற்றிஸ் ஒரு நிபந்தனை வேறு வைத்திருக்கிறாள். மகன் விளையாடும் நாளில் தாய் மைதானத்தின் எல்லைக்கோட்டில் நிற்கவேண்டும். கூடாரத்தில் றோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கக்கூடாது. தாய் வராவிட்டால் மகன் பெஞ்சில்.

ஆக, ஒளிக்கவும் இடமில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருடம். விம்பிள்டன் பிள்ளையார் கோயில். அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது லீக்கின் செயலாளர் ரதீசன் இவருடைய தோளில் தட்டினார்.

"என்ன பாலேந்திரா அண்ணை, வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியாம்? மகன் தாய்ப்பக்கம் போறானாமே."

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கையில் இருந்த தேங்காய் நழுவப் பார்த்தது.

திரும்பும்போது காரில் ஒரே ஒரு வசனம். "நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

உண்மைதான். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், ஆனால் நான் பிழைகாரி ஆகியிருக்க மாட்டேன். ஏன் சொல்லவில்லை? ஏன் ஒவ்வொரு முறையும் இப்படியே செய்கிறேன்?

ஏப்ரல் 20, சனி

தொடங்கிவிட்டது. தேநீரைத் தானே போட்டுக்கொள்கிறார். எனக்குச் சொல்லவேண்டியதெல்லாம் மகள் கம்சிகா வழியாக வருகிறது. "அம்மாட்டச் சொல்லு, பொயிலர்காரன் வியாழக்கிழமை வாறானாம்." நான் அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, பொயிலர் மான், தேர்ஸ்டே" என்கிறது.

தர்சிகனோடு மட்டும் வழக்கம்போலக் கதைக்கிறார். தண்டனை எனக்குத்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

முதல் ஆட்டம். மோர்டனுக்குப் பக்கத்து மைதானம், எலும்பைத் துளைக்கும் காற்று. கோட்டில் பதினான்கு தாய்மார். கை எங்கே வைப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆண்கள் எங்களைப் பார்த்தார்கள், பிறகு வெறுமையாய்க் கிடந்த சாப்பாட்டுக் கூடாரத்தைப் பார்த்தார்கள். எது கூடுதல் கவலை தந்தது என்று தெரியவில்லை.

பியற்றிஸ் பக்கத்தில் வந்து மெல்லமாய், "அக்கா, இடதுபக்கம் நிக்கிற எங்கட பெடியனைப் பாருங்கோ. ஒவ்வொரு முறையும் பிந்தித் திரும்புறான். ஏனெண்டு எனக்குப் பிறகு சொல்லுங்கோ" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? ஆனால் பார்த்தேன். அவன் பந்தைப் பார்க்கவில்லை. தாய் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு பியற்றிஸ் அந்தத் தாயை அவனுடைய கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாள்.

மூன்று கோல். ஒன்று தர்சிகன். நான் கத்தியிருக்கிறேன் என்று ஜெஸ்ரின் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

மே 19, ஞாயிறு

நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி. ஊரே மாறிவிட்டது. கல்யாணமாகி இருபது வருடமாய் மனைவி எங்கே படித்தாள் என்று கேட்காத மனிதர்கள் இப்போது கேட்கிறார்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை மறித்து, "தங்கச்சி, என்ர மனுசி உங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு வருசம் படிச்சவ. மகன் உங்களுக்கு விளையாட அது போதுமோ?" என்றார். வேறு இரண்டு மகளிர் கல்லூரிகள் அடுத்த வருடம் அணி இறக்கப்போகின்றனவாம். கார் பார்க்கில் பியர் இல்லை. எல்லோரும் புதன்கிழமைகளில் பயிற்சி வைக்கிறார்கள், பியற்றிஸ் வைப்பதால்.

எல்லாம் ஒருத்தி செய்த வேலை. பெருமையாய்த்தான் இருக்கிறது. ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பெயர் சொல்லவில்லை. "மனுசனுக்கு எதிராப் பிள்ளையை இறக்கின பொம்பிளையளால லீக் உடையப்போகுது." குழுவில் இருநூறு பேர். ஒருவரும் மறுத்து எழுதவில்லை.

இவரும் அதைக் கேட்டிருப்பார். கேட்டாரா? என்ன நினைத்தார்? கேட்க வாய் வரவில்லை. வந்தாலும் பதில் கம்சிகாவிடம்தான் போகும்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைக்கு நாவலடி.

இவர் ஒரு காரில், நானும் தர்சிகனும் மற்றக் காரில். கம்சிகா ஒன்றிலும் ஏறவில்லை. நல்ல பிள்ளை.

நாவலடிக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் தாய்வழி போய்விட்டார்கள், அல்லது வரவில்லை. இவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கார் பார்க் வாசலில் நின்றார். வெள்ளைச் சேர்ட்டு, நேற்றுத் தானே அயர்ன் பண்ணியது. அந்த வாசலில் இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. ஐயோ, எனக்கு அவரைப் பார்க்க ஏலாமல் இருந்தது. என்னாலதான். என்னாலதானே இது?

ரதீசன் வந்து, ஆள் போதாது, ஆட்டம் எங்களுக்கு என்று அறிவிக்கப்போனார். பியற்றிஸ் விடவில்லை. "நாங்களும் ஒன்பது பேர்தான்" என்றாள். தர்சிகனையும் இன்னொருவனையும் பெஞ்சில் இருத்தினாள். கெட்டிக்காரர் இருவர்.

ஐந்துக்கு ஒன்று. நாங்கள்தான் வென்றோம். முடிந்ததும் இவர் தூரத்துக் கோல் கம்பத்தடியில் தனியே போய் நின்றார். போகவா வேண்டாமா என்று நான் கோட்டிலேயே நின்றேன். தர்சிகன் போனான். இரண்டு பேரும் சேர்ந்து வலையைக் கழற்றினார்கள்.

நான் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

செப்டம்பர் 15, ஞாயிறு

கிண்ணம் எங்களுக்கு. பிள்ளைகள் தாயின் கல்லூரிக்கு விளையாடுவது செல்லும் என்றும் ஆண்டுக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அடுத்த வருடம் பதினொரு அணி. கூடாரத்தில் ஆண்கள் பரிமாறினார்கள். கட்லட் கருகிவிட்டது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் அதே அமைதி. ஐந்து மாதம். இப்படியே பழகிவிடுவோமோ என்பதுதான் இப்போது பெரிய பயம்.

நவம்பர் 17, ஞாயிறு

கதைத்தார்!

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "இஞ்சாரும், பியற்றிஸின்ர நம்பர் இருக்கோ?" என்றார்.

இஞ்சாரும். மனுசியைக் கூப்பிடுகிற சொல், என்னைத்தான். வீட்டில் கம்சிகாகூட இல்லை. ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுக்காமலே நம்பரை ஒப்புவித்தேன், வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைபோல. "தாங்ஸ்" என்றார். வெங்காயம் என்பதால் கண்ணைத் துடைக்கக் காரணமும் இருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

முட்டாள். முட்டாள். முட்டாள்.

பியற்றிஸ் போன் எடுத்தாள். அடுத்த வருடம் அவள் நாவலடிக்குக் கோச்.

"பாலேந்திரா அண்ணை வந்து கேட்டவர், அக்கா. கெஞ்சேல்லை, நேர்மையாக் கேட்டவர். என்ர அப்பா நாவலடியில படிச்சவர். அம்மா வழியில ஒரு வருசம், அப்பா வழியில ஒரு வருசம். பிழையோ?"

அவளுடைய விதியை அவளே திருப்பிப் போடுகிறாள். "நாங்கள் என்ன செய்யிறது, பியற்றிஸ்?" என்றேன்.

"நீங்கள் ஒரு வருசமாய்க் கோட்டில நிண்டனீங்கள் தானே, அக்கா. சும்மாவோ நிண்டனீங்கள்?"

ஒரு 'இஞ்சாரும்' என்ற சொல்லுக்காகப் பதினான்கு பேரின் கோச்சைக் கொடுத்திருக்கிறேன். ஜெஸ்ரினுக்கு என்ன சொல்லுவன்? ஆர் நம்பர் குடுத்தது எண்டு கேட்டால்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

கூட்டம். நானே சொல்லிவிட்டேன், நம்பர் கொடுத்தது நான்தான் என்று. இந்த முறை மற்றவர் வாயால் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 

பிறகு ஜெஸ்ரின், "அப்ப ரீமை நீயே பார்" என்றாள். கோபத்தில் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா தெரியவில்லை. மற்றவர்கள் சம்மதம் என்று கை தூக்கிவிட்டார்கள். போன வருடம் பியற்றிஸ் என்னிடம்தான் கேட்டுக் கேட்டு ஆள் மாற்றினாளாம். அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

எனக்கு ஓஃப் சைட் விதியே இன்னும் சரியாக விளங்கவில்லை.

மார்ச் 12, புதன்

மழையில் பயிற்சி. விசில் ஊதினேன், காற்றுத்தான் வந்தது. பெடியள் சிரித்தார்கள். இரண்டாம் முறை ஊதினேன். ஓடினார்கள்.

ஏப்ரல் 26, சனி

நாளை முதல் ஆட்டம். நாவலடியோடு. பியற்றிஸோடு. அவளுக்கு எங்கள் பெடியன்கள் ஒவ்வொருவரையும் தெரியும். பயமாயிருக்கிறது. வேறு என்ன எழுத.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலேயே எழுதுகிறேன். வீட்டில், குசினி மேசையில்.

எங்கள் வழமையான கோல் கீப்பருக்கு மணிக்கட்டுச் சுளுக்கு. அவனுக்குப் பதிலாக ஓர் ஆளை இரண்டு மாதமாய்ப் பழக்கி வைத்திருக்கிறேன். பியற்றிஸுக்குத் தெரியாத ஒரே ஆள். நாவலடிக்காரருக்குள் இது பெரிய கேள்வியாய் ஓடுகிறது போல.

இவர் கீழே வந்தார். வெள்ளைச் சேர்ட்டு. தனக்குத் தேநீர் போட்டார், எனக்கும் ஒன்று போட்டார். நான் கேட்காமலே எனக்குப் போட்டது இதுதான் முதல் தடவை. முன்னால் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து இருந்தார்.

"இஞ்சாரும். இண்டைக்குக் கோலில ஆர்?"

கல்யாணம் செய்த நாளிலிருந்து இவர் ஒன்று கேட்டு நான் உடனே பதில் சொல்லாத நாள் இல்லை. வாய் திறக்கவும் பார்த்தது. தேநீரை ஒரு மிடறு குடித்தேன். சீனி கூடிவிட்டது.

கம்சிகா பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தாள்.

"கம்சிகா," என்றேன். "அப்பாட்டச் சொல்லு, பதினொரு மணிக்கு அங்க வந்து பார்க்கட்டுமாம்."