நான்காம் கற்பனையில் ஒரு சந்தேகம்

ஜூன் 2, திங்கள்

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

உன் தங்கை வாலு எழுதுவது. வீட்டில் அப்பா, அம்மா, நான், ஃபிரிட்ஜ் நால்வரும் சுகம். ஃபிரிட்ஜும் அப்பாவும் முறை வைத்து முனகுகிறார்கள். நீ சுகமா? உன் பஸ் சுகமா?

போனில் கூப்பிடாமல் காகிதம் எதற்கு என்று கேட்பாய். என் போன் அப்பாவின் பீரோவில் சிறையிருக்கிறது. நம் போதகரின் இருமலைப் பதிவு செய்து அதையே அழைப்பு மணியாக வைத்திருந்தேன். அது ஜெபத்தின் நடுவில் அடித்தது. போதகர் கண்ணைத் திறக்காமலே, யாருக்காவது தண்ணீர் கொடுங்கள் என்றார். சபை சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை. ஆறு வாரத் தண்டனை.

உனக்கு எழுதுவது குற்றமா என்றும் யோசித்துப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் நீ பஸ் ஓட்டச் சேர்ந்த அன்று அப்பா சொன்ன தீர்ப்பு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: "ஞாயித்துக்கிழமை ஸ்டியரிங் பிடிக்கிற கை இந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்." கதவு என்றுதான் சொன்னார். தபால்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டத்தில் இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துவிட்டு வாலை நுழைக்காதே என்றால் எப்படி?

இப்போது விஷயம். கோயிலில் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனைகளில் ஆளுக்கொன்றைக் கொடுத்து, மாதக் கடைசியில் சபைக்கு முன் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் போதகர். கற்பனை என்றால் சொந்தமாகக் கதை கட்டலாமா ஐயா என்று கேட்டேன். கட்டளை என்று வைத்துக்கொள், கதையை வீட்டில் கட்டு என்றார். எனக்கு விழுந்தது நான்காவது, ஓய்வுநாள். உன்னை வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிற அதே கற்பனை. ஆகவே விசாரணையைத் தொடங்கிவிட்டேன்.

முதல் சந்தேகம். ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்குப் பாதிச் சபை பஸ்ஸில்தான் வருகிறது. இறங்கியவர்கள் உள்ளே வந்து பாட்டுப் பாடுகிறார்கள். இறக்கிவிட்ட டிரைவர் மட்டும் பாவியா? இல்லை, பாவத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாக டிக்கெட்டோடு கிழித்துக் கொடுக்கிறீர்களா?

இரண்டாவது சந்தேகம் சிரிப்பதற்கில்லை. இந்த மாதம் முடிவதற்குள் நீ நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் ஞாயிறு ஓட்டியே தீர வேண்டும் என்று அம்மா சொன்னாள். (அம்மா காய்கறி வாங்கப் போய் ஒன்றரை மணி நேரம் யாரோடு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும்.) கையெழுத்துப் போட்டால் அப்பா போய்விடுவார், போடாவிட்டால் பஸ் போய்விடும். நீ எதை விடப் போகிறாய்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு

ஜூன் 5, வியாழன்

என் அருமை வாலுக்கு,

உன் கடிதத்தைச் சிக்னலில் பிரித்துப் படித்தேன். பச்சை விழுந்தது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்ததில் பின்னால் மூன்று ஹாரன். போதகரிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேள்.

நான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது காலை ஆறு மணி ஆஸ்பத்திரி வண்டி. வேலை முடிந்து வரும் நர்சுகள், டயாலிசிசுக்குப் போகிற ஒரு ரிட்டையர்டு வாத்தியார், மனைவிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஒரு பெயின்டர். வாத்தியார் இறங்கும்போது ஒவ்வொரு வாரமும், "அடுத்த வாரமும் நீதானேம்மா?" என்று கேட்பார். மாலையில் இங்குள்ள சின்னக் கோயிலில் யூனிஃபார்மோடு கடைசி வரிசையில் நின்று ஆராதித்துவிட்டு வருகிறேன்.

ஆனால் அப்பாவைக் கேலி செய்யாதே. லிப்ட் கம்பெனியில் இருபது வருடமாக அவர் ஞாயிறு டியூட்டி எடுத்ததில்லை. அவரிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர்களெல்லாம் சூப்பர்வைசர் ஆனார்கள், அவர் இன்னும் மெக்கானிக். அந்த ஒரு நாள் அவர் நம்முடன் தரையில் படுத்துக் கிடப்பார். தலை முழுக்க நாம் கிளிப் மாட்டினாலும் அசைய மாட்டார். அத்தனையையும் இழந்து அவர் காப்பாற்றிய நாளை நான் டெப்போவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறார். அது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. பஸ் இல்லாமல் இருந்துவிடலாம் போலிருக்கிறது.

முத்தங்களுடன்,
அக்கா

ஜூன் 9, திங்கள்

அன்புள்ள அவசரக்காரிக்கு,

விசாரணை முடியும் முன் தீர்ப்பு எழுதாதே. பேனாவை மூடி வை.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் போதகரையே குறுக்கு விசாரணை செய்தேன். ஐயா, நீங்களே ஞாயிற்றுக்கிழமைதானே வேலை பார்க்கிறீர்கள் என்றேன். குடித்த தேநீர் மூக்கில் ஏறி அவர் நிஜமாகவே இருமினார். (பதிவு செய்யப் போன் இல்லை.) பிறகு சொன்னார்: "எது கூடாதுன்னு மட்டும் படிச்சா பாதிதான்மா படிச்சிருக்க. யாருக்காகன்னு படிச்சுப் பாரு."

வீட்டுக்கு வந்து அப்படியே படித்துப் பார்த்தேன். அக்கா, அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, உன் ஊரில் வந்து தங்கியிருக்கும் அந்நியன், யாரும் அன்று வேலை செய்ய வேண்டாம் என்று. மகள் மூன்றாவது இடத்தில் இருக்கிறாள். அப்பாவுக்கு வந்த கட்டளைக்குள் நீ இருக்கிறாய். அவர் உன்மேல் கோபப்படுகிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அவர் பயப்படுகிறார். உன்னை அவர் பொறுப்பில் எழுதியிருக்கிறது, நீயோ கைக்கு எட்டாத ஊரில் ஆறு மணி வண்டி ஓட்டுகிறாய்.

இன்னொரு இடத்திலும் இதே கட்டளை வருகிறது. அங்கே காரணம் வேறு. நீயும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவன்தான், அதை நினைத்துக்கொள், உன்னைப் போலவே உன் வேலையாளும் இளைப்பாறட்டும் என்று. இதுவரை இதை 'வேலை செய்யாதே' என்று மாட்டிய பலகை என்றே எண்ணியிருந்தேன். இப்போது பார்த்தால், 'அவளைக் கொஞ்சம் உட்கார விடு' என்று கடவுள் மேலதிகாரிக்கு எழுதிய சிபாரிசு மாதிரி இருக்கிறது.

சரி, ஆண்டவர் ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கியபோது, உங்கள் மாடு குழியில் விழுந்தால் இன்று தூக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். அப்பா தூக்குவாரா? அதுதான் என் அடுத்த சந்தேகம். நம் அடுக்குமாடி வீட்டில் மாடும் இல்லை, குழியும் இல்லை. லிப்ட்தான் இருக்கிறது.

உனக்கு ஓய்வு எந்த நாள் என்று எழுது. பட்டியலுக்கு வேண்டும்.

வாலு

ஜூன் 12, வியாழன்

வாலுக்கு,

லிப்ட்டைத் தொடாதே. நீ எழுதிய கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஓய்வு செவ்வாய். அது காகிதத்தில். சேர்ந்த மாதம் முதலே செவ்வாயும் கூடுதல் வண்டி கேட்டு வாங்கி ஓட்டுகிறேன். சம்பளத்துக்காக இல்லை. ஒரு செவ்வாய் அறையில் இருந்து பார்த்தேன். மத்தியானம் வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, டெப்போவுக்கே திரும்பிப் போய்விட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

ஜூன் 16, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டுவிட்டேன். திட்டுவதைக் கடைசியில் மொத்தமாக வைத்துக்கொள், முதலில் கதையைக் கேள்.

நேற்று மத்தியானம். அப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயில் நீட்டியிருந்தார். நான் லிப்ட்டில் ஏறி, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அபாய மணியை அடித்தேன். மணி கேட்டு அப்பா எழுந்து வருகிறாரா என்று பார்த்துவிட்டு, பொத்தானை விடுவித்துச் சிரித்துக்கொண்டே இறங்குவதாகத் திட்டம். விடுவித்தேன். லிப்ட் அசையவில்லை. மறுபடி அமுக்கி மறுபடி விடுவித்தேன். விளக்கும் அணைந்தது.

அக்கா, அரை மணி நேரம் வாலு வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கீழே வாட்ச்மேன் யாருக்கோ போன் செய்வது கேட்டது. கம்பெனியின் ஞாயிறு ஆள் ஊரின் மறுகோடியில் இருக்கிறானாம், வர இரண்டு மணி நேரமாம். அதன் பிறகுதான் வாட்ச்மேன் நம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது, யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்கிறாள், அப்பா சட்டைகூடப் போடவில்லையாம். டூல் பையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி வரை படியிலேயே ஓடியிருக்கிறார்.

மேலே மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி, என்னை அங்குலம் அங்குலமாக நான்காம் மாடிக்கு இறக்கினார். பிறகு இறங்கி வந்து கதவைச் சாவி போட்டுத் திறந்தார். மூச்சு வாங்கியது. கை முழுக்க கிரீஸ். என்னைப் பார்த்தார், சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அடி விழும் என்று நினைத்தேன். விழுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்: "அப்பா, இன்னைக்கு ஞாயிறாச்சே?"

"உள்ள ஆள் இருக்குன்னாங்க" என்றார். "ஆள் இருந்தா நாள் பாக்க முடியுமா?"

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "அக்கா வண்டியிலயும் ஆள்தாம்பா இருக்கு" என்றேன். டயாலிசிஸ் வாத்தியார், பெயின்டர், நர்சுகள் எல்லோரையும் ஒரே மூச்சில் கொட்டினேன். உன் கடிதங்கள் காட்டிக்கொடுக்கப்பட்டன, மன்னித்துவிடு.

அவர் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "போய் வாட்ச்மேன்கிட்ட மன்னிப்புக் கேளு. அவரு பயந்துட்டாரு" என்றார். அவ்வளவுதான். படி இறங்கிப் போய்விட்டார்.

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. யார் என்று தெரியாமலே அப்பா வந்ததால் என் பரிசோதனை செல்லும். ஆனால் நான் அடித்த மணி பொய் சாட்சி. நான்காம் கற்பனையைச் சோதிக்கப் போய் ஒன்பதாவதை உடைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனபோது வாட்ச்மேன் திட்டாமல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இப்போது திட்டலாம்.

வாலு

ஜூன் 19, வியாழன்

அக்கா,

அவசரம், சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, உன் அக்காவுக்கு எந்த நாள் லீவு என்று கேட்டார். எட்டு மாதத்தில் அவர் வாயில் 'அக்கா' வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படியில் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

நீ சொல்லாதே என்றாய். ஆனால் ஒன்பதாவதை ஒரே வாரத்தில் இரண்டு தடவை உடைக்க எனக்குத் தெம்பில்லை. செவ்வாய், ஆனால் அன்றும் ஓட்டுகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

பிரஷ் நின்றுவிட்டது. "அப்ப அவளுக்கு ஒரு நாளும் இல்லையா?" என்றார். கோபமாக இல்லை. ஏதோ டாக்டர் சொன்னதைக் கேட்ட மாதிரி. ஒரு ஷூ பளபளப்பும் ஒரு ஷூ தூசியுமாக இன்று வேலைக்குப் போயிருக்கிறார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னது: "வர்ற செவ்வாய் வண்டி எடுக்க வேண்டாம்னு எழுது." ஏன் என்று கேட்டேன். எழுது என்றார். எழுதிவிட்டேன்.

வாலு

ஜூன் 25, புதன்

என் கண்ணு வாலுக்கு,

எழுதச் சொன்னதை எழுதினாய். நான் செவ்வாய் வண்டி எடுக்கவில்லை. எதற்கு என்று தெரியாமல் காலை ஏழு மணிக்கே அறையைப் பெருக்கி வைத்தேன்.

ஒன்பதரைக்கு அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போகும்போது போடுவாரே, அது. வேலை நாளில் லீவு போட்டிருக்கிறார். காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போட்டதில்லை. உட்காருங்கள் என்றேன். என் அறையில் இருப்பது ஒரே நாற்காலி, அதில் உட்கார்ந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

பிறகு ஆறு மணி வண்டியைப் பற்றிக் கேட்டார். எத்தனை பேர், எங்கே ஏறுவார்கள், அந்த வாத்தியார் படி ஏற யார் கை கொடுப்பார்கள் என்றெல்லாம். டிரைவர் இறங்கிவந்து கை கொடுக்கலாமா என்றார். விதிப்படி கூடாது, நான் கொடுக்கிறேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தார். மடித்து என் மடியில் வைத்தார். "போடறதும் போடாததும் உன் இஷ்டம்மா. ஞாயிறு விஷயம் எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல, பிடிபட்டதுன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஆனா இந்தச் செவ்வாயை மட்டும் எவனுக்கும் குடுத்துடாத" என்றார்.

அதற்குள் குளியலறைக் குழாய் சொட்டுவது அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். வாஷர் போயிருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. என்னிடம் ஸ்பேனர் இருக்கிறது, எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கினார், குழாயில்கூட வைத்துவிட்டார். அப்படியே நின்றார். பிறகு ஸ்பேனரை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இன்னைக்கு வேண்டாம்" என்றார். "நாளைக்கு நீ போட்டுக்க."

பாய் விரித்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

இன்று காலை டெப்போவில் கையெழுத்துப் போட்டேன். வாஷரையும் மாற்றிவிட்டேன்.

அக்கா